கேஸ் அடித்த காலமும் கசிவு தேடும் காலமும்

போர்ஷே 911-இன் ஏ.சி.யில் கை வைப்பதற்கு முன்னால் காரை ஒரு முறை முழுதாகச் சுற்றி வர வேண்டும். என்ஜின் பின்னால் இருக்கிறது. அதன் மேல் வலப்பக்கத்தில் கம்ப்ரஸர். பின்மூடியின் கிராதிக்கு நேர் கீழே ஒரு கண்டென்சர். அங்கிருந்து கிளம்பும் ரப்பர் ஹோஸ் இடது பின்சக்கரத்துப் பக்கமாக இறங்கி, கதவுக்குக் கீழே காரின் அடிப்பாகத்தை ஒட்டியே ஓடி, முன் பம்பருக்கு அடியில் படுத்த வாக்கில் இருக்கும் இரண்டாவது கண்டென்சரைச் சேர்கிறது. அடுத்து, இடது முன்சக்கரத்துக்கு முன்னால் மட்கார்டுக்குள் மறைந்திருக்கும் டிரையர். அதற்கும் பிறகுதான் முன் டிக்கியில் கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் கூலிங் காயில். அங்கே குளிர்ச்சியைக் கொடுத்து முடித்த கேஸ், வந்த தூரம் அத்தனையும் திரும்பக் கடந்து கம்ப்ரஸருக்குப் போயாக வேண்டும். வேறு கார்களில் பானட்டுக்குள் கைக்கெட்டும் தூரத்தில் முடிந்துவிடும் வேலை இந்தக் காரில் முன்பம்பரிலிருந்து பின்பம்பர் வரை நீள்கிறது.

1980களில் வந்த 911 கார்களின் அமைப்பு இதுதான். அவற்றின் என்ஜின் காற்றில் குளிர்வது, ரேடியேட்டர் கிடையாது. ரேடியேட்டர் இல்லாத காரில் கண்டென்சரை வைக்கத் தோதான இடமும் கிடையாது. என்ஜினைக் குளிர்விக்கும் விசிறி இழுக்கிற காற்றையே பின்மூடிக் கண்டென்சர் வழியாக வரவிட்டார்கள். கார் ஓடும்போது அது சரி. சிக்னலில் நிற்கும்போது விசிறியும் மெதுவாகச் சுற்றும், என்ஜின் சூடும் மேலேறி கண்டென்சரில் அடிக்கும். குளிர்ச்சி மிகவும் தேவைப்படுகிற நேரத்தில்தான் குளிர்ச்சி குறையும்.

சென்னையில் ஐ.டி.ஐ. முடித்து, சில காலம் ஃப்ரிட்ஜ் வேலை பார்த்துவிட்டு, அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு 1986-இல் ஹூஸ்டனுக்கு வந்தேன். ஐரோப்பியக் கார்களை மட்டும் பார்க்கும் ஒரு ஷெட்டில் ஏ.சி. பக்கம் உதவியாளாகச் சேர்ந்தேன். மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றும் மே மாதத்திலேயே தொடங்கிவிடும் புழுக்கமும் சென்னையை விட்டு வந்த நினைப்பையே தராது. அந்த ஊரில் ஏ.சி. இல்லாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏப்ரல் பிறந்ததும் 911 கார்கள் வரிசைகட்டும்.

அன்றைய வேலை இப்படி இருந்தது. நீல ஹோஸைக் குறைந்த அழுத்தப் பக்கத்திலும் சிவப்பு ஹோஸை அதிக அழுத்தப் பக்கத்திலும் மாட்டுவோம். மஞ்சள் ஹோஸின் நுனியில் R12 கேஸ் நிறைந்த கேன். என்ஜினை ஓடவிட்டு, டிரையரின் தலையில் இருக்கும் சின்னக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேஸ் ஏற்றுவோம். கண்ணாடிக்குள் வெள்ளை வெள்ளையாக ஓடும் குமிழ்கள் மெல்லக் குறைந்து, திடீரென்று ஒரு கணத்தில் கண்ணாடி தெளிந்துவிடும். தெளிந்ததும் வால்வை மூடிவிட வேண்டும். நீல கேஜில் முள் 30 பவுண்டு அழுத்தத்துக்குப் பக்கத்தில் நின்றால் காயில் ஏறக்குறைய உறைநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். கண்ணும் காதும் பழகிவிட்டால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கேன் ஒன்று ஒரு டாலர் சொச்சம். கார்க்காரர் சந்தோஷமாகப் போவார். அடுத்த ஏப்ரலில் மறுபடி வருவார்.

இந்தக் கார் வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் குடிக்கும் என்பது எங்கள் ஷெட்டில் எல்லோரும் சொல்கிற பேச்சு. எண்ணெய் மாற்றுவது போல அதுவும் ஒரு வழக்கம். போன வருஷம் போட்ட கேஸ் எங்கே போனது என்று கார்க்காரரும் கேட்கவில்லை, ஷெட்டிலும் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. தேடுகிற செலவைவிட ஊற்றுகிற செலவு குறைவு. கம்ப்ரஸர் மாற்ற வேண்டி வந்தால் ஒரு நட்டைத் தளர்த்துவோம். சீறிக்கொண்டு வெள்ளைப் புகையாக கேஸ் வெளியேறும். இரும்பில் பனி பூக்கும். சீறல் அடங்கிய பிறகு வேலையைத் தொடங்குவோம். ஊர் முழுக்க, உலகம் முழுக்க அதுதான் முறை.

அந்த முறைக்குப் பின்னால் அலட்சியம் மட்டுமே இருந்தது என்று இன்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. R12-ஐ நம்புவதற்கு நல்ல காரணம் இருந்தது. அதற்கு முன்னால் ஃப்ரிட்ஜ்களில் ஓடியது கந்தக டை ஆக்சைடும் மெத்தில் குளோரைடும். ராத்திரியில் கசிந்தால் வீட்டில் தூங்குகிறவர்கள் சாவார்கள், செத்தும் இருக்கிறார்கள். தாமஸ் மிட்ஜ்லி 1930-இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கூட்டத்தில் புதுக் கேஸை எல்லோர் முன்னிலையிலும் தானே மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நச்சு இல்லை, தீப்பற்றாது என்பதற்கு அதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? ஐ.டி.ஐ.யில் எங்களுக்கு வகுப்பெடுத்த ஆசிரியரும் இந்த கேஸைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நிம்மதியோடுதான் சொன்னார். அவர் பழைய கேஸோடு வேலை பார்த்தவர்.

எதோடும் சேராமல், தண்ணீரில் எளிதில் கரையாமல், எளிதில் சிதையாமல் இருக்கிற அந்தக் குணம்தான் வீட்டுக்குள் அதைப் பாதுகாப்பாக ஆக்கியது. அதே குணம்தான் அதை அழியாமல் மேல் வளிமண்டலம் வரைக்கும் கொண்டு போனது. அங்கே சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு அது உடைகிறது. உடைந்ததும் வெளிவரும் குளோரின் ஓசோனைத் தின்கிறது. மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இலேயே இதை எழுதிவிட்டார்கள். நான் ஹூஸ்டனுக்கு வருவதற்கு முந்தின வருஷம், 1985-இல், அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் எவ்வளவு குறைந்துவிட்டது என்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அளந்து வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியால் உடன்படிக்கை கையெழுத்தானது. ஷெட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. R12 வளிமண்டலத்தில் தங்கும் காலம் சுமார் 100 வருஷம். அந்தக் கோடைகளில் நாங்கள் சீறவிட்டதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இன்றும் மேலேதான் இருக்கிறது.

கசிவைத் தேடவே மாட்டோம் என்றும் இல்லை. ஒரு வாரத்திலேயே கேஸ் காலியாகி கார் திரும்பி வந்தால் ஹாலைடு டார்ச்சை எடுப்போம். சின்ன புரோப்பேன் சிலிண்டர், அதன் மேல் ஒரு பர்னர், பர்னருக்குள் செம்புத் தகடு, பக்கத்தில் காற்றை உறிஞ்சும் நீண்ட ரப்பர் குழாய். குழாயின் வாயை ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே கொண்டுபோய்ப் பிடிக்க வேண்டும். R12 துளி உறிஞ்சப்பட்டாலும் நீலச் சுவாலை பச்சையாகும். கசிவு பெரியதென்றால் ஊதா கலந்த நீலமாக எரியும். மாலை வெளிச்சத்தில் ஷெட் கதவைப் பாதி மூடிவிட்டுப் பார்த்தால் அந்தப் பச்சை மிகத் தெளிவாகத் தெரியும். எரிந்த கேஸின் காரமான நெடி தொண்டையில் மணிக்கணக்கில் நிற்கும்; அது உடம்புக்கு நல்லதல்ல என்பது பிறகு தெரிந்தது. டார்ச் காட்டிக் கொடுப்பது பெரிய கசிவைத்தான். வருஷம் முழுக்க மெல்ல மெல்லப் போகிறதே, அது டார்ச்சுக்குத் தெரியாது.

விலை ஏறியதும் எல்லாம் மாறியது. 1990-இல் அமெரிக்க அரசு R12 போன்ற கேஸ்களுக்கு பவுண்டுக்கு 1.37 டாலர் வரி போட்டது. 1995-இல் அது 5.35 டாலர் ஆனது. 1992 ஜூலை 1 முதல் வெளியே சீறவிடுவது சட்டப்படி குற்றம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவர்களுக்குத்தான் R12 விற்கலாம் என்றும் வந்தது. 1995 முடிவோடு அங்கே புது உற்பத்தியே நின்றது. மயாமி வழியாக R12 கள்ளத்தனமாக இறங்கி, சுங்கத்துறை அதற்கென்று தனியாகத் தேடுதல் நடத்தும் அளவுக்குப் போனது. இந்தியாவில் உற்பத்தி நின்றது 2008 ஆகஸ்டில். அதைத் தயாரித்துவந்த நான்கு நிறுவனங்களில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது.

ஷெட்டில் சட்டத்தைத் திட்டாதவர் இல்லை. கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் இயந்திரத்தின் விலையைக் கேட்டு, ஏ.சி. வேலையையே விட்டுவிடலாமா என்று முதலாளி யோசித்தார். ஆனால் அங்கே என் குருவாக இருந்த பெரியவர் வேறு மாதிரி யோசித்தார். ஒரு 911-லிருந்து கழற்றிய பழைய ஹோஸின் இரண்டு முனைகளையும் அடைத்து, உள்ளே நைட்ரஜனை அழுத்தம் கொடுத்து ஏற்றி, தண்ணீர் நிறைந்த டிரம்முக்குள் முக்கினார். மூட்டில் குமிழ் வரும் என்று நாங்கள் மூட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூட்டில் ஒன்றும் இல்லை. ஹோஸின் உடம்பெங்கும் முள்முனையளவு குமிழ்கள் அரும்பின. அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்று, கொஞ்சம் பெரிதாகி, ஒவ்வொன்றாகப் பிரிந்து மேலே வந்தன. பெரியவர் ஹோஸை லேசாகத் தட்டினார்; ஒட்டியிருந்தவை எல்லாம் கிளம்பின, மறுபடி அதே இடங்களில் புதிதாக அரும்பின. ரப்பரே கசிகிறது. இத்தனை நீள ரப்பர் உள்ள காரில் மூட்டை மட்டும் இறுக்கி என்ன பயன்?

அத்தனை வருஷமும் நாங்கள் செய்துவந்தது ஓட்டைக் குடத்தை நிரப்பும் வேலை. கேன் ஒரு டாலராக இருந்தவரை அந்த டிரம் சோதனையைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. இந்தத் தொழிலில் நான் கண்ட பெரிய முரண் இதுதான். எங்கள் பிழைப்பைக் கெடுக்க வந்ததாக நாங்கள் நினைத்த சட்டம்தான் எங்களை மெக்கானிக் ஆக்கியது. மருந்துக்கடையில் எடுத்துக் கொடுப்பவருக்கும் வைத்தியருக்கும் உள்ள வித்தியாசம் அது. ஊற்றுவது மலிவாக இருக்கும்வரை கண்டுபிடிக்கிறவனுக்கு வேலை இல்லை.

சென்ற கோடையில் நண்பரின் மகன் தன் 1987-ஆம் வருஷத்து 911 கரேராவை என் இப்போதைய ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். எண்ணெய் நிறுவனத்தில் வேலை. இந்தக் காரை வாங்குவதற்காகவே பல வருஷம் பணம் சேர்த்தவர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“அங்கிள், போன வருஷம்தான் ஒரு இடத்துல R134a-வுக்கு மாத்திக் குடுத்தாங்க. இப்ப மறுபடியும் வெறும் காத்துதான் வருது. கொஞ்சம் கேஸ் மட்டும் அடிச்சு விட்டுடுங்களேன்.”

“அடிக்கலாம் தம்பி. அடுத்த வருஷமும் இதே பேச்சைத்தான் பேசுவோம். ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போ, எங்கே போகுதுன்னு பார்ப்போம்.”

மாற்றிக் கொடுத்தவர்கள் கேஸ் ஏற்றும் வாய்ப்பகுதிகளை மட்டும், R12-க்குப் பதிலாக வந்த R134a-வுக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிட்டு கேஸை ஏற்றியிருந்தார்கள். பழைய ஹோஸ் அப்படியே. டிரையர் அப்படியே. R12-ஓடு ஓடிய மினரல் ஆயிலும் உள்ளேயே இருந்தது. R134a-வில் மினரல் ஆயில் கரையாது. கேஸோடு சுற்றி கம்ப்ரஸருக்குத் திரும்பாமல் காயிலின் அடியில் தேங்கும். கம்ப்ரஸர் எண்ணெய் கிடைக்காமல் தேயும். எஸ்டர் ஆயில் போட்டிருக்க வேண்டும். தவிர, R134a-வின் மூலக்கூறு R12-ஐவிடச் சிறியது. R12-ஐயே நிறுத்தி வைக்க முடியாத ரப்பர் இதை எப்படி நிறுத்தும்? R134a-வில் குளோரின் கிடையாது என்பதால் ஓசோனுக்குப் பாதகமில்லை. அதே காரணத்தால் என் பழைய ஹாலைடு டார்ச்சும் இதைக் காட்டாது. சுவாலை நீலமாகவே எரியும். இன்று மூக்கு நீண்ட மின்னணுக் கருவி இருக்கிறது, புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் இருக்கிறது. எனக்கு அதிகம் பிடித்தது நைட்ரஜன்தான். ஏற்றி, முள் நிற்கும் இடத்தைக் குறித்து வைத்து, ராத்திரி விட்டுவிட்டு, காலையில் வந்து பார்ப்பது.

காலையில் முள் இறங்கியிருந்தது. முன் கண்டென்சரின் மூட்டில் சோப்பு நுரை தடவினோம். நுரை ஊதிக்கொண்டு வந்தது. பம்பருக்கு அடியில் சாலையின் தண்ணீரும் கல்லும் தினமும் படுகிற இடம் அது. ஓ-ரிங்கை எடுத்தால் சதுரமாகத் தட்டையாகியிருந்தது, நகத்தால் அழுத்தினால் விரிசல் விட்டது. கதவுக்குக் கீழே ஓடும் ஹோஸில் ஒரு முழம் நீளத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தது. துடைத்துவிட்டு மறுநாள் பார்க்கத் தேவையில்லை. எண்ணெய் வந்த இடத்தில் கேஸும் வந்திருக்கிறது.

கூலிங் காயிலை வெளியே எடுத்தபோது தம்பி பக்கத்தில் நின்றிருந்தார். தகடுகளுக்கு நடுவே இலைச் சருகு, முடி, பஞ்சு, எல்லாம் ஈரத்தில் ஊறி ஒரு பாயைப் போலப் படிந்திருந்தது. அதை நான் இடுக்கியால் இழுத்தபோது துணி மாதிரி ஒரே துண்டாக உரிந்து வந்தது. “இதோட ஊடாதான் நான் மூச்சு விட்டுட்டு இருந்தேனா?” என்றார். ஆமாம். 911-இன் ஏ.சி. காருக்குள் இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர வைக்கிறது. அந்தக் காற்றுக்கு வழி இருந்தது கால்வாசிதான்.

இன்னொன்றும் பார்த்தோம். பழைய ஷெட்டில் நாங்கள் இதைப் பார்த்ததே இல்லை. இந்தக் காரில் ஹீட்டருக்குத் தனிச் சுடுநீர்க் குழாய் கிடையாது. புகைபோக்கிக் குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள் காற்றைச் செலுத்தி, அந்தச் சூடான காற்றைக் கதவடிப் பகுதி வழியாக உள்ளே கொண்டுவருகிறார்கள். தேவையில்லாதபோது அதை வெளியே தள்ளிவிட இரண்டு பக்கமும் ஒவ்வொரு மடல் வால்வு உண்டு. வருஷக்கணக்கில் துருப்பிடித்த மடல் முழுக்க மூடாது. தம்பியின் காரில் இடது பக்க மடல் விரலளவு திறந்தே இருந்தது. முன்னால் காயில் குளிர வைக்கிறது, பின்னாலிருந்து அடுப்புக் காற்று காலடியில் வந்துகொண்டிருக்கிறது. எத்தனை கேஸ் அடித்தாலும் இந்தச் சண்டையில் ஏ.சி. ஜெயிக்காது. அந்த மடலை மாற்ற ஆன செலவு மொத்தக் கணக்கில் மிகச் சிறியது. கிடைத்த பலன் பெரியது.

மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்ளே கசிவுத் தடுப்பு அடுக்கு கொண்ட புது ஹோஸ்களை அளவெடுத்து வெட்டி மூட்டுகளை அமுக்கினோம். எல்லா ஓ-ரிங்கும் புதிது, டிரையர் புதிது. கம்ப்ரஸரைக் கழுவி எஸ்டர் ஆயில் விட்டோம். கண்டென்சர் விஷயத்தில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. 60 டிகிரி செல்சியஸில் R12-இன் அழுத்தம் சுமார் 207 பவுண்டு. R134a-வுக்கு அதே சூட்டில் சுமார் 229. ஏற்கெனவே திணறுகிற கண்டென்சருக்கு இந்தக் கூடுதல் சுமை ஆகாது. இடது பின்சக்கர மட்கார்டுக்குள், மெல்லிய இணைக்குழாய்கள் கொண்ட புது வகைக் கண்டென்சர் ஒன்றைத் தனி விசிறியோடு பொருத்தினோம். சிக்னலில் நின்றாலும் அந்த விசிறி ஓடும்.

இதற்கு நடுவில் தம்பிக்கு ஓர் ஆசை வந்தது. “அசலா R12-க்கே திரும்பிப் போயிடலாமா அங்கிள்? தடை இல்லையாமே.” உண்மைதான். அமெரிக்காவில் புதிதாகத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும்தான் தடை. ஏற்கெனவே இருப்பதை, சுத்தம் செய்து மீட்டெடுத்ததை, சான்றிதழ் உள்ளவர்கள் இன்றும் பயன்படுத்தலாம். இந்தக் கார் பிறந்ததும் அதற்காகத்தான். குளிர்ச்சியும் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். ஆனாலும் நான் வேண்டாம் என்றேன். ஓசோன் 1980-இல் இருந்த அளவுக்கு உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், அண்டார்டிகாவுக்கு மேலே 2066 வாக்கிலும் திரும்பும் என்று ஐ.நா. சார்பில் அறிவியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். மனிதர்கள் கெடுத்த ஒன்றை மனிதர்களே சேர்ந்து சரிசெய்துகொண்டிருக்கும் அபூர்வமான காரியம் அது. அதில் ஒரு கார் அளவுக்குக்கூட எதிர்த்திசையில் போக எனக்கு மனசில்லை. R134a-வும் குற்றமற்றதல்ல, பூமியைச் சூடாக்கும் திறனில் கார்பன் டை ஆக்சைடைப்போல் 1,430 மடங்கு. R12-க்கு அது 10,900. இன்றைய புதுக் கார்களில் R134a-வையும் விட்டுவிட்டு R1234yf-க்குப் போய்விட்டார்கள். எந்த கேஸாக இருந்தாலும் உள்ளேயே இருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

வேக்குவம் பம்பை மாட்டி, உள்ளே இருந்த ஈரம் ஆவியாகிப் போகிறவரை ஓடவிட்டோம். நிறுத்திய பிறகும் முள் அசையவில்லை. கேஸைத் தராசில் வைத்து எடை பார்த்தே ஏற்றினோம். R134a-வில் கண்ணாடியை நம்ப முடியாது. சரியான அளவிலும் குமிழ் தெரியலாம். நான் ஒரு காலத்தில் பெருமையாக நினைத்த கண்பழக்கத்துக்கு இனி இந்த வேலையில் இடமில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. R12 அளவில் எண்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினோம். வெளியே 36 டிகிரி. நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து பார்த்தபோது நடுக் காற்றுவாயில் தெர்மாமீட்டர் 8 டிகிரி காட்டியது. பிறகு சிக்னலில் வேண்டுமென்றே நின்றோம், 11-க்கு ஏறி அங்கேயே நின்றது.

பில்லைப் பார்த்துவிட்டுத் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. இத்தனை பணத்துக்கு எத்தனை வருஷம் கேஸ் அடித்திருக்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார். கேட்டுவிட்டால் பதில் சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன். அவர் கேட்டது வேறு: “அப்ப அடுத்த ஏப்ரல்ல வர வேண்டாமா?”

வரச் சொல்லியிருக்கிறேன். கேஸ் அடிப்பதற்கல்ல. உள்ளே இருப்பதை இயந்திரத்தில் உறிஞ்சியெடுத்து எடை போடுவோம். இந்த வருஷம் ஏற்றிய எடையை டிரையர் மேலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போனால் அப்படியே திரும்ப ஏற்றிவிட்டு அவர் கிளம்பலாம். சில கிராம் குறைந்தாலும் நைட்ரஜனை ஏற்றிவிட்டு, காரை ராத்திரி ஷெட்டிலேயே வைத்துக்கொள்வேன்.